எவர் கோலால் எவரை அளப்பது?

விடியுமுன் ஒருநாள் கல்குடாக் கடற்கரைக்குப் போய் நில்லுங்கள். இரவெல்லாம் கடலில் கிடந்த தோணிகள் கரை சேர்கின்றன. வலையை மணலில் விரித்து, சிக்கிய மீனைக் கழற்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனாக, இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு நான் பெயர் சூட்டப் போவதில்லை. எந்தக் கரையூரிலும் இருக்கக்கூடியவன் அவன். அவனுக்கு எழுத்துத் தெரியாது, இருபதுக்கு மேல் எண்ண வராது, பேச்சும் திருத்தமில்லை. ஆனால் ஓராவின் நச்சு முள் கையில் ஏறாமல் அதனை வலைக் கண்ணிலிருந்து விடுவிக்க அவனுக்குத் தெரியும். பாரையை ஒரு குவியலாகவும் சூடையை இன்னொரு குவியலாகவும் பிழையின்றிப் பிரிப்பான். வாடைக் காற்று வலுத்துவிட்டால் தோணியை மேட்டுக்கு இழுக்கும் கைகளுள் அவன் கையும் ஒன்று. வேலை முடிந்ததும் ஒரு கோர்வை மீனைத் தூக்கிக்கொண்டு, வழி தவறாமல், தாயிடம் சேர்ந்துவிடுவான்.

அந்தத் தாய் ஒருநாள் அவனுக்குத் தோய்த்த சேட்டை உடுத்தி, பஸ்ஸில் ஏற்றி, நகரத்து அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்கு அப்பால் ஓர் உத்தியோகத்தர். அவர் கையில் அச்சிட்ட வினாத்தாள். தொலைபேசியில் தானே பேசுவானா? கடிதம் எழுதுவானா? மேசைக் கத்தியால் உணவை வெட்டி உண்பானா? தாய் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து, "இல்ல சேர்" என்கிறாள். வலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஓராவைப் பற்றியும் கேட்கவில்லை. தாளில் இல்லாதது கேள்வியில் இல்லை. கேள்வியில் இல்லாதது கணக்கில் இல்லை. கூட்டிப் பார்த்து ஓர் எண் எழுதப்படுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குரிய முதிர்ச்சி என்று முடிவு கூறப்படுகிறது. காலையில் பத்துப் பேரோடு ஒருவனாக உழைத்தவன், மாலையில் ஆறு வயதுக் குழந்தையாகி வீடு திரும்புகிறான்!

இங்கே தோற்றவன் யார்? அவனா, அந்தத் தாளா?

அறிவுசார் குறைபாடு உடையோரின் அன்றாட வாழ்க்கைத் திறன்களை அளவிடுவதே வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை. அளவிடத்தான் வேண்டும். உண்ணல், உடுத்தல், குளித்தல், பேசுதல், காசைக் கையாளல், வீதியைக் கடத்தல், தொழில் செய்தல் ஆகியவற்றில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று அறியாமல் அடுத்த படியை எவரும் கற்பிக்க முடியாது. ஆனால் எதற்காக அளக்கிறோம், எவருடைய வாழ்க்கையைக் கோலாகக் கொண்டு அளக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு அளப்பது, அறிவியலின் பெயரால் நடக்கும் அநீதி என்பதே என் வாதம்.

வரலாற்றைச் சிறிது புரட்டுவோம். 1905இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பீனே தம் நண்பர் சைமனோடு சேர்ந்து முதலாவது அறிவுச் சோதனையை அமைத்தார். பாடசாலையில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டறிந்து அதற்கு உதவி செய்வதே அவர் நோக்கம். சில ஆண்டுகளில் அச்சோதனை கடல் கடந்து அமெரிக்காவின் வைன்லாந்து என்னும் ஊரிலிருந்த பயிற்சிப் பாடசாலைக்குப் போயிற்று. அங்கே ஆராய்ச்சித் தலைவராயிருந்த ஹென்றி கொடார்ட் அதனை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். உதவ வேண்டியோரைக் காண எழுந்த கருவி, ஒதுக்க வேண்டியோரைப் பொறுக்கும் கருவியாயிற்று. 1912இல் அவர் எழுதிய குடும்பக் கதைநூல் ஒன்று, அறிவுக் குறைபாடு பரம்பரையாய் வந்து சமுதாயத்தைக் கெடுக்கிறது என்று பறைசாற்றியது. அந்நூலின் ஆதாரங்கள் பின்னர் பொய்த்துப்போயின. ஆனால் அத்தகைய கொள்கைகளின் பெயரால் மனிதர்கள் பூட்டி வைக்கப்பட்டதும் மலடாக்கப்பட்டதும் பொய்யல்ல.

அதே வைன்லாந்திலேயே இன்னொரு கேள்வியும் பிறந்தது என்பது நாம் கவனிக்கவேண்டிய செய்தி. கொடார்டுக்குப் பின் அங்கு ஆராய்ச்சி நடத்திய எட்கர் டோல், ஒருவன் புதிர்களுக்கு விடை சொல்கிறானா என்பதைவிட, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறானா என்பதே முக்கியம் என்றார். 1935இல் அவர் வெளியிட்ட சமூக முதிர்ச்சி அளவுகோலில் 117 வினாக்கள் இருந்தன. அவற்றுக்கு விடை சொல்வது சோதிக்கப்படுபவர் அல்ல. அவரோடு வாழ்ந்து அவரை நன்கறிந்த ஒருவர். பின்னர் 1959இல் அமெரிக்க அறிஞர் சங்கம் இத்தகைய வாழ்க்கைத் திறனையும் வரைவிலக்கணத்துக்குள் சேர்த்தது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில், குறைபாட்டின் கடுமையை நுண்ணறிவு ஈவைக் கொண்டு தீர்மானிக்காமல், அன்றாட வாழ்வில் ஒருவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும் என்று எழுதியது. ஓர் எண்ணின் ஆட்சி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பின்னர் தளர்ந்தது. இது மனிதகுலத்துக்குக் கிடைத்த வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் வாழ்க்கையை அளக்கப் புறப்பட்டவுடனே, எந்த வாழ்க்கை என்ற கேள்வி எழுகிறதல்லவா? டோலின் தாளில், பிள்ளை சறுக்குச் சப்பாத்தையும் பனிச்சறுக்கு வண்டியையும் பயன்படுத்துகிறதா என்று ஒரு வினா உண்டு. வைன்லாந்துக்கு அது பொருந்தும்; அங்கே பனி பெய்கிறது. கல்குடாவில் எந்தப் பிள்ளை பனிச்சறுக்கு வண்டியைக் கண்டது? டோல் இதனை அறியாதவரல்லர். வாய்ப்பில்லாமையால் செய்யாததை வேறாகக் குறிப்பதற்கு அவர் தம் அளவுகோலிலேயே தனிக் குறியீடு வைத்தார். ஆக்கியவரிடம் அந்த நேர்மை இருந்தது. கோலைக் கையில் எடுத்தவர் அவசரத்தில் அந்தக் குறியீட்டை மறந்தால், "வாய்ப்பில்லை" என்பது "முடியாது" என்றாகிவிடும். இவ்விரு சொற்களுக்கும் இடையில் ஒரு மனிதனின் முழு வாழ்வும் கிடக்கிறது.

செல்வம் மிகுந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் "ஆறு மணி நேர மந்தர்" என்றொரு சொற்றொடர் வழங்கலாயிற்று. ஏழைகளின் பிள்ளைகள், கறுப்பின மக்களின் பிள்ளைகள், மெக்சிக்கோ வழிவந்தோரின் பிள்ளைகள் பாடசாலையின் ஆறு மணி நேரத்துக்கு மட்டும் மந்தர்களாயிருந்தார்கள். மணி அடித்து வெளியே வந்ததும் தம்பி தங்கையரைப் பேணி, கடைக்குச் சென்று, வீட்டு வேலை பார்த்து, ஏனையோரைப் போலவே வாழ்ந்தார்கள். ஜேன் மேர்சர் என்னும் சமூகவியலாளர் கலிபோர்னியாவின் றிவர்சைட் நகரில் ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூல் இந்த அநீதியை அம்பலமாக்கியது. வர்க்கமும் இனமும் கோலின் கோடுகளுக்கிடையே ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் மொழி பேசுவோரிடையே இதற்கு வழிகாட்டியே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1970களில் சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் சேர்ந்து ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மதறாஸ் வளர்ச்சித் திட்ட முறை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். உண்ணல், உடுத்தல், மலசலம் கழித்தல் முதல், காசு, நேரம், வீட்டுவேலை, ஊரறிவு, பொழுதுபோக்கு, தொழில் ஈறாக 18 துறைகள், துறைக்கு 20 படிகள், ஆக 360. இதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு பாடமாக எழுதப்பட்டிருப்பதே சிறப்பு. ஏழாம் படியைச் செய்கிறான், எட்டாம் படியைச் செய்யவில்லை என்றால், நாளை கற்பிக்கவேண்டியது எட்டாம் படி. ஆசிரியையும் தாயும் கூடியிருந்து அதற்கொரு திட்டம் தீட்டுகிறார்கள். அளவீடு அங்கே தீர்ப்பாக முடியாமல் கல்வியாகத் தொடங்குகிறது. எதற்காக அளப்பது என்ற என் முதற் கேள்விக்கு இதுவே விடை.

அந்த வழியில் கல்குடா தனக்கென ஒரு தாளை எழுதினால் அதில் என்னென்ன இருக்கும்? வலை கழற்றலும் மீன் பிரித்தலும் கருவாடு காயவைத்தலும் இருக்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், புட்டு அவித்தல், சந்தைக்குப் போய் மிச்சக் காசோடு திரும்புதல், வாழைச்சேனை பஸ்ஸில் ஏறி உரிய இடத்தில் இறங்குதல், கோயில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் எவரிடம் என்ன சொல்வதென்று அறிதல் இருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை புகுந்த கரை இது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உள்நிலத்துக்கு ஓடவேண்டும் என்று தெரியுமா என்பது அத்தாளின் முதலாவது வினாவாக வேண்டாமா? மேசைக் கத்தி அறியாமையால் எவரும் இறந்ததில்லை. இதை அறியாமையால் இறக்கக்கூடும்.

பெண்பிள்ளையின் தாளோ இன்னும் கவலையோடு எழுதப்படவேண்டியது. மாதவிலக்கு நாட்களில் தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ள அவளுக்குக் கற்பித்தோமா? தன் உடலைத் தொட வரும் கையைத் தள்ளி, "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லவும், வந்து தாயிடம் கூறவும் பழக்கினோமா? இவற்றைக் கற்பிக்காமல் வீட்டின் உள்ளறையில் வைத்துக் காப்பதையே பாதுகாப்பு என்கிறோம். வெளியே விடாமையால் அவள் எதையும் கற்கவில்லை. எதையும் கற்காமையால் வெளியே விடவில்லை. வாய்ப்பின்மையை இயலாமையாக்கும் தொழிலை அலுவலகங்கள் மட்டுமா செய்கின்றன? நம் வீடுகளும் செய்கின்றன.

ஊரைப் புகழ்ந்துவிட்டு ஊரின் குற்றத்தை மறைப்பது முற்போக்காகாது. மீண்டும் அந்தக் கடற்கரைக்கே வருவோம். பத்துப் பேரோடு ஒருவனாக மீன் கழற்றினானே, மற்றவர்களுக்குக் காசு; அவனுக்கு ஏன் ஒரு கோர்வை மீன்? "அவனுக்குக் காசு எதுக்கு? வெச்சிருக்கத் தெரியாது" என்று சொல்லும் குரலை நாம் கேட்டதில்லையா? காசு அறிதல் என்ற திறனைத் தாளில் சேர்ப்பது அவனைத் தாழ்த்துவதற்கன்று. அவனை ஏய்ப்போரிடமிருந்து காப்பதற்கு. ஐந்நூறு ரூபாத் தாளுக்கும் ஆயிரம் ரூபாத் தாளுக்கும் உள்ள வேற்றுமையை நிறத்தைக் கொண்டாவது அறியக் கற்றவனை ஏமாற்றுவது கடினம். அவன் கற்றுக்கொள்ளும்வரை அவன் கூலிக்கு ஊர் பொறுப்பு. "நல்ல பிள்ளை, சொன்ன வேலை செய்வான்" என்று தட்டிக் கொடுத்து உழைப்பைச் சுரண்டுவது, அலுவலகத் தாள் செய்யும் அநீதிக்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று.

இனி, இந்த அளவீட்டு முறையின் நெஞ்சிலேயே இருக்கும் ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். விசேட கல்வி அலகின் ஆசிரியை, "பிள்ளைக்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும்?" என்று கேட்கிறார். தாய் மகிழ்ந்து சொல்கிறாள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, "என்னவெல்லாம் செய்யத் தெரியாது?" என்பதே கேள்வி. அதே தாய் அங்கே தன் பிள்ளையை ஒன்றுக்கும் உதவாதவன் என்று, அவன் காது கேட்க, சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. சேட்டுப் பொத்தானைத் தானே பூட்டுவான் என்றால் உதவி குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல சலுகைகளைப் பெறுவதற்குக் குறைபாடு நூற்றுக்கு 40 விகிதத்துக்குக் குறையக்கூடாது. அங்கே ஒரு பிள்ளை முன்னேறுவதே குடும்பத்துக்கு அச்சமாகிவிடலாம். வறுமையோடு போராடும் தாயைப் பொய் சொல்கிறாள் என்று பழிப்பவர்கள், அவளைப் பொய்யின் வாசலில் நிறுத்தியது எது என்று சிந்திக்கட்டும்.

திறமை ஒருவனுக்கு எதிரான சாட்சியாவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மரணதண்டனை விதிக்கலாகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2002இல் தீர்த்தது. பின்னர், ரெக்சாஸ் மாநிலத்தில் மரணதண்டனை பெற்றிருந்த மூர் என்பவரின் வழக்கு வந்தது. பதின்மூன்று வயதிலும் கிழமை நாட்களையும் மாதங்களையும் சரிவர அறியாதவர் அவர். ஆனால் மாநில நீதிமன்றம், அவர் தெருவில் பிழைத்ததையும் கூலிக்குப் புல் வெட்டியதையும் எடுத்துக்காட்டி, அவர் குறைபாடுடையவரல்லர் என்றது! தெருவில் எறியப்பட்டவன் சாகாமல் பிழைத்தான். அந்தப் பிழைப்பே அவனைத் தூக்கு மேடைக்கு அனுப்பப் போதுமான திறமையாகிவிட்டது. 2017இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஒருவரிடம் சில ஆற்றல்கள் இருப்பது, அவருக்கு வேறு துணைகள் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. வலை கழற்றத் தெரிந்தவனுக்கு மருந்துச்சீட்டை வாசிக்க ஒருவர் வேண்டும். இரண்டும் ஒருங்கே உண்மை. ஆகவே இயலாமையைக் காட்டினால்தான் உதவி என்ற முறை ஒழிந்து, வேண்டிய துணையை அளந்து அதற்கேற்ற உதவி என்ற முறை வரவேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. "ஊருக்கொரு தாள் என்றால் ஒப்பிடுவது எவ்வாறு? ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்கு மறுப்பு என்று உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்பே ஆட்சி செய்யாதா? தாயின் சொல் பாசத்தின் சொல்லல்லவா?" என்று கேட்பவர்கள் உள்ளார்கள். இதனை அலட்சியம் செய்யலாகாது. பொதுக்கோல் இல்லாத இடத்தில் செல்வாக்குள்ளவனே வெல்வான் என்பது உண்மைதான். ஆயினும் துறைகள் பொதுவாயிருக்கட்டும், வினாக்கள் ஊருக்குரியனவாயிருக்கட்டும் என்பதில் முரண்பாடு என்ன? தன் உணவைத் தானே உண்ணல் என்பது உலகெங்கும் ஒன்று. அது கத்தியாலா கையாலா என்பதே வேறு. ஊர் வினாக்களை அவ்வூரின் குறைபாடில்லாத பலரிடம் முதலில் கேட்டு, எந்த வயதில் எதைச் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் செம்மைப்படுத்தும் முறையும் அறிவியலுக்குத் தெரிந்ததே. தாயின் சொல்லோடு ஆசிரியையின் சொல்லையும் அயலாரின் சொல்லையும் வைத்து, நேரிலும் கண்டறியலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு, சோதனையிடத்தில் ஒருவரால் இயலுவதையும் தம் சொந்தச் சூழலில் அவர் உண்மையாகச் செய்வதையும் வேறுபடுத்துகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்துக்குச் சூழலும் பொறுப்பு என்கிறது. ஆகவே அளப்பவர் மேசையை விட்டு எழுந்து, ஒரு காலையாவது அந்தக் கடற்கரைக்கு வரட்டும்.

நமது நாட்டில் குறைபாடுடையோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. அதன் இலக்கம் 28. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கையில் கைச்சாத்திட்டிருந்த இலங்கை, 2016இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு பார்வை, கேள்வி, நடை ஆகியவற்றோடு நினைவாற்றலையும் தன்னைப் பேணலையும் பற்றிக் கேட்டது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு ஏதோ ஒரு துறையில் இடர்ப்பாடு உண்டு என்று கணக்கிட்டது. எண்ணி முடித்தாயிற்று. எண்ணப்பட்டவனின் கதவைத் தட்டி, "தம்பி, உனக்கு அடுத்து என்ன கற்க விருப்பம்?" என்று கேட்டாயிற்றா? இலவசக் கல்வியை 1945இல் ஏற்ற நாடு இது. கல்வி எழுத்தறிந்தவனுக்கு மட்டும் உரிய சொத்தா? சேட்டுப் பொத்தானைப் பூட்டக் கற்பதும் கல்வி. அதற்கும் ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும்.

எனவே நாம் கேட்பவை பெரியனவல்ல. ஒவ்வொரு அளவீடும் தமிழில், அந்தந்த ஊரின் வாழ்வைக் கொண்டு, நேரில் பார்த்து நடத்தப்படட்டும். "இயலாது" என்று எழுதுமுன் "வாய்ப்பிருந்ததா?" என்று கேட்கப்படட்டும். முடிவில் எண் மட்டுமன்றி, அடுத்து கற்பிக்கவேண்டிய பாடமும், கொடுக்கவேண்டிய துணையும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் எழுதப்பட்டு, அதன் பிரதி தாயின் கையில் கொடுக்கப்படட்டும். ஆண்டுக்கொருமுறை மீண்டும் பார்க்கப்படட்டும். முன்னேற்றத்துக்காக உதவி வெட்டப்படாதிருக்கட்டும்.

இத்தகைய பிள்ளைகளின் தாய்மார் நெஞ்சில் இரவுதோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" அதற்கு நுண்ணறிவு ஈவு விடை சொல்லாது. அவன் இன்று சோறு ஆக்கக் கற்றால், காசை அறியக் கற்றால், உதவி கேட்கக் கற்றால், அவன் உழைப்புக்கு ஊர் கூலி கொடுக்கக் கற்றால், அரசாங்கம் தன் கையெழுத்துக்கு மதிப்பளிக்கக் கற்றால், அந்தத் தாய் கண்ணை மூடும்போது அச்சமில்லாமல் மூடுவாள். அவன் கற்கவேண்டியவற்றுக்கு ஒரு தாள் எழுதுவோம். நாம் கற்கவேண்டியவற்றையும் அதே தாளில் எழுதி, ஆண்டுதோறும் நமக்கும் புள்ளியிட்டுப் பார்ப்போம்.